'கெட்', 'காட்', 'இருக்கு': பினாங்குத் தமிழர் நாவில் ஓர் ஆங்கில வினைச்சொல்

ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் புரட்டினால் 'கெட்' என்ற வினைச்சொல்லுக்கு நேராக முதலில் நிற்பது 'பெறு'. பள்ளிப் பிள்ளைகளும் அதை அப்படியே மனனம் செய்துவிடுகிறார்கள். ஜார்ஜ்டவுனில் வேலை பார்க்கும் ஒருவரின் சாதாரண நாளில் இந்தப் பொருளைப் பொருத்திப் பாருங்கள். காலையில் எழுந்தால் 'கெட் அப்'. உடை உடுத்தினால் 'கெட் டிரெஸ்ட்'. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறினால் 'கெட் ஆன்'. ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தால் 'கெட் டு தி ஆபீஸ்'. வழியில் மழையில் நனைந்தால் 'கெட் வெட்'. முதலாளி சொன்னது புரிந்தால் 'காட் இட்'. சாயங்காலம் வீடு திரும்பினால் 'கெட் ஹோம்'. ஏழு இடங்களில் ஓரிடத்திலும் அவர் எதையும் பெறவில்லை.

பொருள்களை வரிசையாக எழுதி மனனம் செய்ய வைப்பதால் இந்தச் சொல் வசப்படாது. பல பொருள் கொண்ட வினைகள் ஆங்கிலத்தில் ஏராளம். 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு மட்டும் 430 பொருள்கள் கொடுத்திருந்தார்கள். பின்னர் திருத்தப் பணி நடந்தபோது 'ரன்' 645 பொருள்களோடு அதைத் தாண்டிவிட்டது. இத்தனையையும் எந்த ஆங்கிலேயனும் மனப்பாடம் செய்ததில்லை. சொல்லின் நடுவே ஓடும் ஒரு கருத்து பிடிபட்டுவிட்டால் மற்றவை அதிலிருந்து தானாகக் கிளைக்கும்.

'கெட்' சொல்லுக்கு அந்தக் கருத்து இதுதான்: இதுவரை இல்லாத ஒரு நிலைக்கு வந்து சேர்வது. தூக்கத்திலிருந்து விழிப்புக்கு, உலர்ந்த சட்டையிலிருந்து ஈரச் சட்டைக்கு, புரியாமையிலிருந்து புரிதலுக்கு, பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு. ஒரு பொருள் கைக்கு வந்து சேர்வதும் இதில் ஒரு வகைதான். அகராதி அந்த ஒரு வகையை முதலில் போட்டுவிட்டதால் மற்றவையெல்லாம் விதிவிலக்கு போலத் தோன்றுகின்றன. 'பீ மேரீட்' என்றால் கல்யாணமானவராக இருப்பது, 'கெட் மேரீட்' என்றால் கல்யாணம் ஆவது. 'பீ ஆங்ரி' என்றால் கோபமாக இருப்பது, 'கெட் ஆங்ரி' என்றால் கோபம் வருவது. இருக்கும் நிலைக்கு ஒரு சொல், அந்த நிலைக்கு வரும் மாற்றத்துக்கு 'கெட்'. இந்த இணைகளைப் பத்து எழுதிப் பார்த்த பிள்ளைக்குப் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

இந்தச் சொல் இங்கிலாந்துக்கே வெளியிலிருந்து வந்ததுதான். ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் 'கெட்டா' என்ற வினையே இன்றைய 'கெட்'. பழைய ஆங்கிலத்திலும் இதற்கு ஓர் உறவுச் சொல் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் முன்னொட்டோடு சேர்ந்துதான் புழங்கியது. மறப்பதைக் குறிக்கும் 'ஃபர்கெட்', பிள்ளை பெறுவதைக் குறிக்கும் 'பிகெட்' இரண்டும் அந்த வழியில் வந்தவை. அந்தப் பழைய சொல்லின் முதல் ஒலி 'ய'வுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று நாம் சொல்லும் அழுத்தமான ககர ஒலி நார்ஸ்காரர்கள் கொடுத்தது. 'டேக்', 'தே', 'ஸ்கை' ஆகியவையும் அவர்கள் வழி வந்தவைதான். அரண்மனையும் பள்ளிக்கூடமும் கொண்டு வந்த சொற்கள் இல்லை இவை. பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்து, சந்தையில் பேரம் பேசி, பெண் எடுத்துப் பெண் கொடுத்த சனங்கள் கலந்ததில் ஒட்டிக்கொண்டவை. பினாங்கில் இந்தச் சொல்லுக்குப் பிறகு நேர்ந்ததைப் பார்க்கும்போது இது நினைவில் இருப்பது நல்லது.

முதலில் தமிழன் இடறும் இடம். ஆங்கிலத்தில் 'ஐ காட் அ ஜாப்', 'ஐ காட் அ பிரசன்ட்', 'ஐ காட் அ கோல்ட்' மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. மூன்றிலும் 'நான்' எழுவாய், வினை ஒன்று. தமிழில் எனக்கு வேலை கிடைத்தது, எனக்குப் பரிசு வந்தது, எனக்குச் சளி பிடித்தது. நான் எழுவாயாக இல்லை. வேலையும் பரிசும் சளியும்தான் எழுவாய். அவை என்னைத் தேடி வருகின்றன, நான் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன். வினையும் ஒவ்வொன்றுக்கும் வேறு. முயன்று அடைந்ததா, தானாக வந்ததா, வேண்டாமலே தொற்றிக்கொண்டதா என்று தமிழ் பிரித்துச் சொல்லிவிடும். ஆங்கிலம் அதைக் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் தமிழில் யோசித்து எழுதும் பிள்ளை 'ஃபீவர் கேம் டு மீ' என்று எழுதுகிறது. அந்தப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. தன் மொழியின் இலக்கணத்தை மிகச் சரியாகக் கடைப்பிடிக்கிறது. 'தமிழில் எனக்கு என்று தொடங்கினால், ஆங்கிலத்தில் ஐ என்று தொடங்கி கெட் போட்டுப் பார்' என்று ஒரு வரி சொல்லிக் கொடுத்தால் பல வாக்கியங்கள் நேராகிவிடும்.

'பெறு'வை எடுத்துவிட்டு 'வாங்கு' என்பதை அகராதியின் முதல் இடத்தில் வைத்திருந்தால் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவோ உதவியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். பேச்சுத் தமிழில் வாங்கு என்ற வினை செய்யும் வேலைகளைப் பாருங்கள். கடையில் பால் வாங்குகிறோம். ஆங்கிலத்தில் 'கெட் சம் மில்க்'. பரிசு வாங்குகிறோம், நல்ல மார்க் வாங்குகிறோம், நல்ல பேர் வாங்குகிறோம், கூடவே அடியும் வாங்குகிறோம், திட்டும் வாங்குகிறோம். கடைசி இரண்டும் தனியாகக் கவனிக்க வேண்டியவை.

'ஹீ வாஸ் ஸ்கோல்டட்' என்பதும் 'ஹீ காட் ஸ்கோல்டட்' என்பதும் செயப்பாட்டு வினைதான். முதலாவது நடந்ததை எட்ட நின்று அறிவிக்கிறது. அறிக்கைக்கும் செய்தித்தாளுக்கும் அது சரி. இரண்டாவது, பட்டவன் பக்கத்திலிருந்து பேசுகிறது. அவனுக்கு ஒன்று நேர்ந்தது, அது அவனைப் பாதித்தது என்ற தொனி அதில் இருக்கிறது. 'அவன் திட்டப்பட்டான்' என்று எந்த அம்மாவும் சொல்ல மாட்டார். 'அவன் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்' என்றுதான் சொல்வார். 'காட் ஸ்கோல்டட்' என்பதன் உயிர் அங்கே இருக்கிறது. நல்லது நேர்ந்தாலும் இதே அமைப்பு வரும். பதவி உயர்வு கிடைத்தால் 'காட் புரொமோட்டட்'.

மலாயில் இதற்கென்றே 'கெனா' என்ற சொல் உண்டு. கெனா மாரா என்றால் திட்டு வாங்குவது, கெனா தீப்பு என்றால் ஏமாந்து போவது, கெனா சமன் என்றால் போக்குவரத்துப் போலீசிடம் சம்மன் வாங்குவது. தட்டுப்படுதல், பட்டுவிடுதல் என்பது அதன் அடிப்பொருள். பெரும்பாலும் கெட்டதற்குத்தான் வரும். லாட்டரியில் நான்கு இலக்க எண் அடித்தாலும் 'கெனா நொம்போர்' என்பார்கள், அது மட்டும் மகிழ்ச்சியான கெனா. நம் பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசும்போது 'ஐ கெனா சமன்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இடம் காலியாக இல்லை, 'ஐ காட் அ சம்மன்ஸ்' அல்லது 'ஐ காட் ஃபைன்ட்' ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது. 'கெனா வரும் இடத்தில் காட் போட்டு, வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேர்' என்றால் இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1 மாணவனுக்கும் விளங்கிவிடும். மலாயும் தமிழும் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலச் செயப்பாட்டு வினையின் இந்தப் பகுதி புதிய பாடமே இல்லை.

இன்னொருவரை ஒன்று செய்ய வைப்பதற்கும் 'கெட்' வரும். 'ஐ காட் ஹிம் டு அக்ரீ' என்றால் அவரைச் சம்மதிக்க வைத்தேன். 'மேட்' என்றால் கட்டாயம், 'லெட்' என்றால் அனுமதி. 'காட்' என்றால் பேசிப் புரியவைத்து, கெஞ்சியோ கொஞ்சியோ வழிக்குக் கொண்டுவந்தது. சின்னப் பிள்ளையைச் சாப்பிட வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கில வினை கிடையாது. இலக்கணத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. 'மேக்', 'லெட்' இரண்டுக்கும் பின்னால் 'டு' வராது, 'கெட்' பின்னால் கட்டாயம் வரும். வண்டியைப் பட்டறையில் விட்டுச் சரிசெய்தால் 'ஐ காட் த கார் ரிப்பேர்ட்'. செய்தவர் யார் என்பது அங்கே முக்கியமில்லை.

இனி நம்மூர் 'காட்'. லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை மாலை மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு தமிழ் இளைஞர், சாமான் கடை வாசலில் நிற்கும் சீனப் பெரியவரிடம் கேட்கிறார்.

"அங்கிள், ஹியர் காட் பார்க்கிங் ஆர் நாட்?"

"காட், காட். பேக் தேர் காட்."

ஆங்கிலேயன் காதில் இது இடறும். அவன் 'இஸ் தேர் எனி பார்க்கிங் ஹியர்?' என்று கேட்பான், 'யெஸ், தேர் இஸ்' என்று பதில் வரும். ஆனால் மேலே உள்ள பேச்சைத் தமிழில் போட்டுப் பாருங்கள். "அங்கிள், இங்க பார்க்கிங் இருக்கா இல்லையா?" "இருக்கு, இருக்கு. பின்னாடி இருக்கு." காட் வந்த இடத்திலெல்லாம் 'இருக்கு' பிசகாமல் உட்காருகிறது. மலாயில் அதே இடங்களில் 'அடா' உட்காரும். பினாங்குச் சீனர் பேசும் ஹொக்கியன் மொழியில் 'ஊ' உட்காரும். 'காட் ஆர் நாட்' என்பது ஹொக்கியனில் நாள் முழுக்கக் கேட்கும் 'ஊ போ' என்பதேதான். ஊ என்றால் இருக்கு, போ என்றால் இல்லை. 'யெஸ்' என்று சொல்லாமல் வினையையே திருப்பிச் சொல்லிப் பதில் தருவதும் மூன்று மொழிக்கும் பொது. வந்தாயா என்று கேட்டால் வந்தேன் என்போம், இருக்கா என்று கேட்டால் இருக்கு என்போம்.

ஆங்கிலத்தில் உடைமைக்கு ஒரு வினை, இருப்புக்கு வேறொரு அமைப்பு. என்னிடம் பத்து வெள்ளி இருந்தால் 'ஐ ஹேவ் டென் ரிங்கிட்', மேசையில் பத்து வெள்ளி இருந்தால் 'தேர் இஸ் டென் ரிங்கிட் ஆன் த டேபிள்'. தமிழில் இரண்டுக்கும் இருக்கு. மலாயில் இரண்டுக்கும் அடா. ஹொக்கியனில் இரண்டுக்கும் ஊ. மூன்று வெவ்வேறு மொழிக் குடும்பங்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் திறக்கப்பட்டது முதல் இந்தத் தீவில் ஆங்கிலம் கற்றவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட ஒரு தாய்மொழியோடுதான் வகுப்பறைக்குள் நுழைந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் ஆங்கிலம் பேசத் தொடங்கியபோது, எல்லார் மனத்திலும் பொதுவாக இருந்த 'இருக்கு'வுக்கு ஓர் ஆங்கிலச் சொல் வேண்டியிருந்தது.

அதற்கு 'ஹேவ்' ஏன் வரவில்லை, 'காட்' ஏன் வந்தது என்பதற்கு ஆங்கிலத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் 'ஐ ஹேவ்' என்பதைவிட 'ஐவ் காட்' என்று பேச்சில் தாராளமாகச் சொல்வார்கள். அடைந்திருக்கிறேன் என்பது அதன் சொற்பொருள். அடைந்தது கையில் நிற்பதால் வைத்திருக்கிறேன் என்ற பொருள் அதற்கு வந்துவிட்டது. தமிழிலும் 'வாங்கியிருக்கேன்' என்றால் பொருள் இப்போது என்னிடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பேச்சின் வேகத்தில் 'ஐவ்' என்பதன் வகர ஒற்று காதில் விழாது. மிஞ்சுவது 'ஐ காட்'. வந்து சேர்வதைச் சொல்லப் புறப்பட்ட சொல், பிரிட்டிஷ்காரன் வாயில் வைத்திருப்பதாகி, நம்மூரில் இருப்பதாகவே ஆகிவிட்டது. இதை உடைந்த ஆங்கிலம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மூன்று மொழிகளின் இலக்கணம் ஒன்றாகச் சேர்ந்து ஓர் ஆங்கிலச் சொல்லைத் தன் வழிக்குத் திருப்பிய வேலை இது. அதில் ஒழுங்கும் உண்டு, விதியும் உண்டு.

அந்த ஒழுங்கு இன்னும் ஒரு படி போகிறது. 'யூ காட் ஈட் ஆர் நாட்?', 'ஐ காட் கோ தேர் பிஃபோர்' என்று வினைக்கு முன்னாலும் காட் வருகிறது. ஹொக்கியனில் 'வா ஊ கீ' என்றால், போனேன், போனதுண்டு. பேச்சு மலாயில் 'சாயா அடா பெர்கி'. தமிழில் 'போயிருக்கேன்'. சொல்லின் கடைசியில் ஒளிந்திருப்பது அதே இரு. இருப்பைக் குறிக்கும் வினையைக் கொண்டே நடந்து முடிந்ததையும் சொல்கின்றன இந்த மொழிகள். நம் மொழியில் அது வினைக்குப் பின்னால் ஒட்டும், மற்ற இரண்டிலும் முன்னால் நிற்கும். காட் முன்னால் நிற்பதற்கு அவையே காரணம்.

இவ்வளவு சொன்ன பிறகும், படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுத் தாளில் 'மை ஹவுஸ் காட் த்ரீ ரூம்' என்று எழுதினால் மார்க் போகும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சலிலும் அது நிற்காது. பிள்ளைகளிடம் 'காட் சொல்லாதே' என்று தடுப்பதால் பயனில்லை. தடுத்தால் அந்த இடத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொள்வார்கள். அதற்குப் பதில் தமிழையே துணைக்கு அழைக்கலாம். எழுதிய வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். 'இங்க நிறையப் பூனை இருக்கு' என்று இடத்தை மட்டும் சொன்னால் 'தேர் ஆர்'. 'என்கிட்ட இருக்கு', 'எங்களுக்கு இருக்கு' என்று உடையவர் தலைகாட்டினால் 'ஹேவ்' அல்லது 'ஹேவ் காட்'. 'பார்த்திருக்கேன்', 'சாப்பிட்டிருக்கேன்' என்று வினையோடு ஒட்டி வந்தால் 'ஹேவ்' போட்டு மூன்றாம் வடிவம். 'நேத்துப் பார்த்தேனே' என்று நாள் குறித்து அழுத்திச் சொன்னால் 'சா' அல்லது 'டிட் சீ'. நம்மூர் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழின் ஒட்டுகள் பிரித்துக் காட்டிவிடுகின்றன. மூன்று அறை உள்ள வீட்டைப் பற்றிய வாக்கியம் இரண்டு விதமாகவும் தேறும்: 'மை ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்', 'தேர் ஆர் த்ரீ ரூம்ஸ் இன் மை ஹவுஸ்'.

வண்டி வாகன விஷயம் சுருக்கமாக. எழுந்து நின்று நடக்கக்கூடிய பேருந்து, ரயில், ஃபெர்ரி, விமானம் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிந்து நுழைந்து உட்காரும் கார், டாக்சி என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. மோட்டாருக்கும் சைக்கிளுக்கும் 'ஆன்', 'ஆஃப்'தான். 'கெட் ஓவர்', 'கெட் பை', 'கெட் அலாங்' போன்ற கூட்டு வினைகளைப் பட்டியல் போட்டுப் படிப்பதைவிட வாசிப்பில் எதிர்ப்படும்போது வாக்கியத்தோடு குறித்துக்கொள்வது மேல்.

அமெரிக்கத் தொடர்கள் பார்க்கும் பிள்ளைகள் 'கெட்' வினையின் மூன்றாம் வடிவமாக 'காட்டன்' என்பதைக் கேட்டுவிட்டு அது சரியா என்று கேட்பார்கள். சரிதான். இங்கிலாந்தில் பெரும்பாலும் வழக்கொழிந்த பழைய வடிவத்தை அமெரிக்கா காப்பாற்றி வைத்திருக்கிறது. அங்கே 'ஐவ் காட்' என்றால் என்னிடம் இருக்கிறது, 'ஐவ் காட்டன்' என்றால் கிடைத்திருக்கிறது அல்லது ஆகியிருக்கிறது. இல்லாததிலிருந்து வந்து சேர்வதற்கும் இருப்பதற்கும் அமெரிக்கர்கள் தனித்தனி வடிவம் வைத்துக்கொண்டார்கள். நம் பாடத்திட்டம் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுவதால் ஒரு கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருப்பதே நல்லது.

'கெட்' கட்டுரையில் வரவே கூடாது என்று சில ஆசிரியர்கள் அடித்துச் சொல்வதுண்டு. அதில் பாதி நியாயம் உண்டு. எஸ்.பி.எம். ஆங்கிலம் 1119 எழுத்துத் தாளில் முதல் பகுதி நண்பருக்கு எழுதுவது போன்ற 80 சொல் மின்னஞ்சல். அங்கே 'கெட்' இயல்பாக இருக்கும், 'ரிசீவ்' என்று எழுதினால்தான் விறைப்பாகத் தெரியும். மூன்றாம் பகுதியில் 200 முதல் 250 சொற்களில் அறிக்கையோ கட்டுரையோ எழுதும்போது 'ரிசீவ்', 'ஒப்டெய்ன்', 'பிகம்', 'அரைவ்' என்று இடத்துக்கு ஏற்ற வினையைத் தேடுவது நன்று. ஆனால் இந்த மாற்றுச் சொற்களை மனனம் செய்த பிள்ளை 'ஐ ஒப்டெய்ண்ட் டயர்ட்' என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. கைக்கு வருவதற்குத்தான் 'ஒப்டெய்ன்', நிலை மாறுவதற்கு 'பிகம்', இடம் சேர்வதற்கு 'ரீச்' அல்லது 'அரைவ்'. மையக் கருத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் மாற்றுச் சொல்லும் கைகொடுக்கும்.

வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் தனியாகப் பழக வேண்டியது இன்னொன்று. 'ஐ காட் டு கோ டு லங்காவி' என்றால் லங்காவி போகும் வாய்ப்பு கிடைத்தது, போய் வந்தேன். 'ஐவ் காட் டு கோ டு லங்காவி' என்றால் லங்காவிக்குப் போயாக வேண்டும், இன்னும் போகவில்லை. முடிந்துபோன சந்தோஷத்துக்கும் தலைமேல் நிற்கும் கடமைக்கும் நடுவே இருப்பது ஒரு 'வ்' மட்டும். நம்மூர்ப் பேச்சில் அது கரைந்துபோய் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, கேட்பவர் இடம் பொருள் பார்த்து ஊகித்துக்கொள்கிறார். தேர்வு அறையில் எதிரே இருப்பவர் அப்படி ஊகிப்பார் என்று நம்ப முடியாது. மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து அந்த 'வ்'வைத் தெளிவாகச் சொல்லப் பழக்குங்கள். அது வரவில்லை என்றால் 'ஐ ஹேவ் டு கோ' என்று முழுதாகவே சொல்லிவிடலாம்.